ஜெசிந்தாவின் தலைப் படம்

ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்வார்கள் என்பது ஜெசிந்தாவின் பதினோரு வருட அனுபவம். மேலே இரும்பு, தகரம் ஒன்றும் இல்லை என்பார்கள். அப்படி அடித்துச் சொல்கிறவர்களிடம்தான் நாலு ஊக்கு இருக்கும். பாவம், வேண்டுமென்று சொல்லும் பொய் இல்லை அது. தாலிச் சரட்டில் மாட்டிய ஊக்கும் அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்தும் வருடக்கணக்கில் உடம்போடு கிடந்து உடம்பாகவே ஆகிவிடுகின்றன. மூக்கைக் கழற்றி வைத்துவிட்டு வா என்றால் யார் வைப்பார்கள்? அதனால் ஜெசிந்தா யாருடைய வாய்ச் சொல்லையும் நம்புவதில்லை. தன் விரல்களைத்தான் நம்புவாள். பின்னலுக்குள் விரலை விட்டுத் துழாவுவாள், முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள், இடுப்பைச் சுற்றித் தடவுவாள், கழற்றவே வராத மெட்டியைச் சோப்பு நுரை போட்டுக் கழற்றி எடுப்பாள்.

விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்த ஸ்கேன் சென்டர். உள் அறையை அடைத்துக்கொண்டு நின்றது மெஷின். மெஷின் என்று பெயரே தவிர, அது ஒரு பெரிய காந்தம்தான். யாரும் படுக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டே இருக்கும். உடம்பில் உள்ள தண்ணீரைத் தட்டி எழுப்பி, அந்தத் தண்ணீர் முனகுவதைக் கேட்டுப் படம் வரையும் என்று டெக்னீஷியன் குமரேசன் அவளுக்குச் சொல்லியிருந்தான். இரும்பு கிட்டே போனால் படம் கெட்டுப்போகும். அவ்வளவு தெரிந்தால் போதும் அவளுக்கு. அவள் வேலை அந்தக் கதவோடு முடிந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் என்ன தெரிகிறது என்று எட்டிப் பார்க்கும் வழக்கம் அவளுக்கு இல்லை.

கழுத்தை வெறுமையாக விட மாட்டேன் என்று அழும் பெண்களுக்காகவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் துண்டு கட்டிய கயிறுகள் வைத்திருந்தாள். தாலியைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தக் கயிற்றைக் கட்டிவிடுவாள். அப்புறம் தாலியைக் கழற்றினால் கழுத்து ஒரு நொடிகூட சும்மா இருக்காது. இவள் வேதக்காரி, காலனிக்காரி என்று தெரிந்து, கழற்றிய தாலியை இவள் கையில் கொடுக்காமல் தாண்டிப்போய்ப் புருஷன் கையில் கொடுக்கிற மகராசிகளும் உண்டு. அப்படித் தாண்டிப்போன வளவனூர்ப் பக்கத்து ஒருத்தி, இவள் கட்டிய மஞ்சள் கயிற்றை மட்டும் வேண்டாமென்று சொல்லவில்லை. ஜெசிந்தா அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிறவள் இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். பதினோரு வருஷத்தில் எந்தப் பெண் எப்படிக் கொடுத்தாள் என்று அவளால் வரிசையாகச் சொல்ல முடியும்.

அந்த ஞாபகத்தின் மேல்தான் இப்போது அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தது.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் புதுச்சேரியிலிருந்து டாக்டர் பிரபாவதி வந்து போய்க்கொண்டிருந்தார். அவருடையது ஆராய்ச்சி. முதல் நாளே அவர் கேட்ட பொருள் இரண்டு முட்டை. ஒன்று பச்சையாக, ஒன்று வேக வைத்து. ஜெசிந்தா ஒரே கோழி போட்ட முட்டையாகப் பார்த்துக் கொண்டுவந்தாள். இரண்டின் வெள்ளைக்கருவையும் தனித்தனியாகக் கண்ணாடிக் குழாயில் போட்டு, நோயாளியைப் படுக்கவைப்பதுபோல் மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாகத் திரையைப் பார்த்தாள். ஒரே கோழியின் இரண்டு முட்டை. ஒன்று ஆரஞ்சாகவும் ஒன்று நீலமாகவும் தெரிந்தது.

டாக்டர் அவளுக்கும் புரியும்படி சொன்னார். உடம்பில் இருக்கிற புரதங்கள் ஒவ்வொன்றும் ஒரு விதமாக மடிந்து இருக்கும். சுற்றியிருக்கும் தண்ணீரோடு ஹைட்ரஜனைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். மடிப்பு கலைந்து ஒன்றோடொன்று திரண்டுவிட்டால் அந்தக் கொடுக்கல் வாங்கல் மாறிவிடும். புரதத்தைப் பிடித்துப் பார்க்க முடியாவிட்டாலும், பக்கத்துத் தண்ணீரைக் கேட்டே மெஷின் அதைக் கண்டுபிடித்துவிடும். மறதி நோயில் மூளைக்குள் இப்படித்தான் புரதம் திரளுகிறது. மறதி ஆரம்பிப்பதற்குப் பல வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஊசி போடாமல், கத்தி வைக்காமல் அதை முன்கூட்டியே பார்க்க முடியுமா என்பதுதான் அவர் கேள்வி.

ஜெசிந்தாவின் கேள்வி வேறு. "வெந்தது மறுபடியும் பச்சையாவுமா மேடம்?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்தபடி, ஆகாது என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவள் அம்மாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர்ப் பக்கம், அடுத்தவர் வேர்க்கடலை நிலத்தில் மல்லாட்டை பிடுங்கிப் பிள்ளைகளை வளர்த்தவள். மகள்கள் இரண்டு பேர், ஜெசிந்தாவும் ரோஜாவும். வயதான காலத்தில் முதலில் குழம்பில் உப்பை மறந்தாள், அப்புறம் தெருவை மறந்தாள், கடைசியில் பெற்ற மகளையே "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளுக்கு டீச்சர் எங்கிருந்து வந்தாளோ, தெரியவில்லை. எட்டு மாதம் விழுப்புரத்தில் ஜெசிந்தாவோடு இருந்தாள். அதற்கு மேல் இரண்டு வருஷம் ஊரிலேயே ரோஜா வீட்டில். அங்கேதான் உயிர் போயிற்று. அது ஆகி ஐந்து வருஷம் இருக்கும்.

அந்த எட்டு மாதத்தில்தான் அந்த விஷயம் நடந்தது. வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. அம்மா இரண்டு தடவை தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தாவின் புருஷன் சகாயராஜ் கொத்தனார். வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு விடியலில் பஸ் ஏறினால் இருட்டித்தான் திரும்புவான். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனாலும் எத்தனை நாளைக்குச் சொல்வது? ஒரு நாள் டூட்டிக்குக் கிளம்பும்போது பழைய புடவையைக் கிழித்து அம்மாவின் வலது காலைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். பக்கத்தில் தண்ணீரும் சோறும் வைத்தாள். மறுநாளும் கட்டினாள். இரண்டு மாதம் கட்டினாள். கணுக்காலைச் சுற்றிப் புண் வந்தது. அம்மாவைக் கூட்டிப்போக வந்த ரோஜா, இது என்ன புண் என்று கேட்டபோது, செருப்பு கடித்தது என்று சொல்லிவிட்டாள். அது உலகத்தில் அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

இப்போது இரண்டு மாதமாக அவள் கையும் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போடுகிறது. ஒரு நாள் கடையில் நின்று கொத்தமல்லிக்குப் பெயர் வராமல் விரலால் காட்டி வாங்கி வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சகாயராஜிடம் சொன்னால் வயசாயிடுச்சு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான். மறந்துபோனால் போகட்டும், உப்பும் கொத்தமல்லியும் போகட்டும். ஆனால் அந்தக் கட்டில் காலும் புடவைக் கிழிசலும் தன்னோடு போய்விட்டால், அம்மாவுக்கு நடந்தது நடக்காததாகவே ஆகிவிடும். அப்படிப் போனால் நல்லதுதானே என்று சில நாள் தோன்றியது. தோன்றிய அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறப்பதற்குள் ரோஜாவிடம் சொல்லியாக வேண்டும். மறதி வராது என்றால் சொல்லாமலேயே காலத்தை ஓட்டிவிடலாம். இது தெரிய வேண்டியிருந்தது அவளுக்கு.

பெற்றவருக்கு மறதி நோய் இருந்து, தாங்கள் நன்றாக இருக்கிற ஆட்கள் டாக்டருக்கு வேண்டியிருந்தார்கள். ஜெசிந்தா தானாகவே பெயர் கொடுத்தாள். தனித்தனி ஆளுக்கு முடிவு சொல்ல மாட்டோம், ஒருத்தர் படத்தை வைத்துச் சொல்கிற அளவுக்கு இந்த ஆராய்ச்சி இன்னும் வளரவில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அவளும் தலையாட்டினாள். டாக்டர் சொல்லாவிட்டால் என்ன, குமரேசன் முகம் சொல்லிவிடும் என்று அவளுக்கு நம்பிக்கை. பையனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது.

ஐப்பசி மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் முறை வந்தது. வானம் இறங்கி வந்து ஊர்மேல் உட்கார்ந்திருந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக வந்துவிட்டாள். டூட்டி நாட்களில் ரப்பர் பேண்ட் போட்ட பின்னல்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் கொண்டை. டாக்டர் அன்று வரவில்லை. படங்களைப் புதுச்சேரியிலிருந்தே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். சென்டரில் குமரேசன் மட்டும் இருந்தான். அவளே தன் வளையலைக் கழற்றினாள், கழுத்தில் கயிற்றோடு கிடந்த மாதா பட உத்தரியத்தைக் கழற்றினாள், தாலியை, மெட்டியை, தோட்டைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டாள். சென்டர் அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எல்லாம் கழட்டியாச்சா அக்கா?" என்று கேட்டான் குமரேசன்.

"எங்கிட்டயே கேக்குறியா?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்கா தலையில் கைவைத்துப் பார்க்க அவனுக்கு வெட்கம். அவள் கொண்டையைப் பிடரிக்குக் கீழே தள்ளிவிட்டு மல்லாந்து படுத்தாள். தலைமேல் கூண்டு மாதிரி ஒன்றைக் கவிழ்த்தான். படுக்கை மெல்ல உள்ளே போனது.

பதினோரு வருஷமாகப் பிறரை அனுப்பிவைத்த இடம். உள்ளே இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. முதலில் டிக் டிக் என்றது. அப்புறம் தடதடவென்று ஆரம்பித்தது. காதில் பஞ்சு வைத்திருந்தும் அந்தச் சத்தம் பல் வழியாக இறங்கியது. திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கிற மில்லின் சத்தம் அது. சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த மில் வாசலில் நின்றிருக்கிறாள். கண்ணை மூடினாள். தோல் பறந்தது. சிவப்புத் தோல், வெள்ளைத் தோல், காற்றெல்லாம் தோல். அந்தப் புழுதிக்குள்ளிருந்து நிலம் வந்தது. அறுவடைக்கு ஆன நிலம். அம்மா குனிந்து செடியைக் கொத்தாகப் பிடித்து இழுக்கிறாள். வேரோடு காய் வருகிறது, காயோடு ஈர மண் வருகிறது. ஜெசிந்தா பின்னாலேயே தவறிய காய்களைப் பொறுக்கிக்கொண்டு போகிறாள். வரப்பு ஓரமெல்லாம் தண்ணீர். தண்ணீர் மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் புரிந்துவிடும் போலவும் இருக்கிறது, புரியாமல் நழுவியும் போகிறது.

அப்போது யாரோ அவள் தலைமுடியைப் பின்னால் பிடித்து இழுத்தார்கள்.

பலமாக இல்லை. வா, இப்படி உட்கார் என்கிற மாதிரி ஓர் இழுப்பு. அம்மாவின் கை. செடியைப் பிடுங்குகிற அதே வேகத்தில்தான் அம்மா தலை வாருவாள். கண் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். ஜெசிந்தாவுக்குப் பயம் வரவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையை அடையாளம் தெரிகிறதே என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கலாமா கூடாதா என்று யோசித்தாள். ஆடக்கூடாது, ஆடினால் படம் கலைந்துவிடும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். ஆடாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். அம்மா நிலத்தின் நடுவே வெறுங்காலோடு நின்றாள். அவள் எதையோ தேடுகிற மாதிரி இருந்தது.

சத்தம் சட்டென்று நின்றது. படுக்கை வெளியே வந்தது. பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பைபாஸில் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். முதுகில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, உடனே படம் எடுக்க வேண்டும். தலைக் கூண்டை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சரை நோக்கி ஓடினான் குமரேசன். ஜெசிந்தா எழுந்து வெளியே வந்தாள். தூக்கம் கலையாதவள்போல் நடந்தவள் கண்ணாடி அறையைக் கடக்கும்போது திரையைப் பார்த்துவிட்டாள்.

அவள் தலை அது. மூக்கு தெரிந்தது, தாடை தெரிந்தது. பின்பக்கம், பிடரிக்கு மேலே, எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாக ஒரு கறுப்பு. ஓட்டை போட்டு எடுத்துவிட்ட மாதிரி அங்கே ஒன்றுமே இல்லை.

குமரேசன் அவளைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்து, உதட்டை மடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான். "அப்புறம் சொல்றேங்க்கா. இப்ப நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான். அவளுக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது.

அப்படியும் அவள் கை சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் அரைஞாணைக் கத்தரித்து, அதிலிருந்த சாவியையும் தாயத்தையும் எடுத்து அவர் மனைவி கையில் வைத்தாள். அதன் பிறகுதான் புடவைக்கு மாறினாள். வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

விக்கிரவாண்டி தாண்டியதும் ஏரிகள் வந்தன. நிரம்பிக்கொண்டிருந்த ஏரிகள். வானமும் அதே நிறத்தில் இருந்ததால் பஸ் தண்ணீருக்கு நடுவே மிதந்து போகிற மாதிரி இருந்தது. பின்தலையைத் தொட்டுப் பார்க்கக்கூட அவளுக்கு மனசு வரவில்லை. தொட்டால் உள்ளே இறங்கிவிடும் என்று பயந்தாள். அந்தக் கறுப்புக்குள் எதெல்லாம் போயிருக்கும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ரோஜாவின் முதல் நற்கருணைக் கவுன் என்ன நிறம்? வெள்ளைதான், ஓரத்தில் பழுப்பேறிய லேஸ். இருக்கிறது. சகாயராஜ் பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்த சட்டை? கோடு போட்டது. அதுவும் இருக்கிறது. கட்டில் கால்? இருக்கிறது. புடவைக் கிழிசலின் பூக்கூட இருக்கிறது. போக வேண்டியது இது ஒன்றுதான், இது மட்டும் அசையாமல் இருக்கிறதே என்று நினைத்தாள். பக்கத்தில் இருந்தவள் தன் தோளில் சாய்ந்து தூங்கியதும் தெரியவில்லை, திண்டிவனத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்ததும் தெரியவில்லை. கால் தானாகவே கொண்டுபோய் விட்டது.

ரோஜா வீட்டு வாசலில் பிடுங்கிய மல்லாட்டைச் செடி குவிந்து கிடந்தது. அவள் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லாமல் வந்த அக்காவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்து ஆயத் தொடங்கினாள். கை அதற்குப் பழகிய கை. நாலு செடி முடிந்தது.

"ரோஜா, அம்மா கால்ல இருந்துச்சே புண்ணு, அது செருப்பு கடிச்சது இல்ல."

ரோஜாவின் கை நிற்கவில்லை.

"நான்தான் கட்டிப்போட்டேன். கட்டில் கால்ல, பழைய பொடவையால. டூட்டிக்குப் போறப்பல்லாம் கட்டிட்டுப் போவேன். ரெண்டு மாசம்."

இப்போது நின்றது. "எந்தக் காலு?" என்று கேட்டாள் ரோஜா. இரண்டு வருஷம் அந்தக் காலைக் கழுவி மருந்து போட்டவளுக்குத் தெரியாததா? ஆனாலும் கேட்டாள்.

"வலது காலு."

ரோஜா மடியில் இருந்த காய்களைக் கூடையில் கொட்டினாள். முந்தானையை உதறினாள். அவள் கோபப்பட்டால் கத்துகிறவள், அன்று கத்தவில்லை. அதுதான் ஜெசிந்தாவுக்குத் தாங்கவில்லை.

"அந்தச் செருப்ப நான் அடுப்புல போட்டேன்க்கா" என்றாள் ரோஜா. "நீல வாரு வச்சது. எங்க அம்மா கால இப்படி ஆக்கிடுச்சேன்னு அன்னிக்கே தூக்கிப் போட்டுக் கொளுத்திட்டேன். சாவுற வரைக்கும் அம்மா அத்தத் தேடிக்கினே இருந்துச்சு. கட்டிலுக்கு அடியில குனிஞ்சி குனிஞ்சிப் பாக்கும். கடிக்கிற செருப்பு உனக்கு எதுக்குன்னு நான் வேற திட்டுவேன்."

ஜெசிந்தா அழுதாள். நிலத்தின் நடுவே வெறுங்காலோடு நின்ற உருவம் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஏன் இப்போது வந்து சொல்கிறாய் என்று ரோஜா கேட்டாள். மெஷினில் படுத்ததை, பாதியில் எழுப்பியதை, திரையில் பார்த்த கறுப்பை, குமரேசன் முகத்தைத் திருப்பிக்கொண்டதை எல்லாம் சொன்னாள். அம்மாவுக்கு வந்தது தனக்கும் வந்துவிட்டது, மறந்துபோவதற்குள் சொல்லிவிட ஓடி வந்தேன் என்றாள். ரோஜா எழுந்து உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. ஜெசிந்தா தனியாக உட்கார்ந்து மீதிச் செடியையெல்லாம் ஆய்ந்து முடித்தாள். தங்கச்சி முகத்தில் இனி முழிக்க முடியாது, இதோடு சரி என்று நினைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உக்காரு" என்றாள் ரோஜா. அவள் கையில் சீப்பும் ஒரு முழம் கனகாம்பரமும் இருந்தன. கொலைக்கோபம் இருந்தாலும் கூடப்பிறந்தவளைப் பூ வைக்காமல் வாசல் தாண்ட விடும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அம்மா போன பிறகு அதைச் செய்ய வேண்டியவள் ரோஜாதான். ஜெசிந்தா அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரோஜா கொண்டையை அவிழ்த்தாள். விரலை உள்ளே விட்டவள் எதையோ பிடித்து இழுத்தாள்.

"இது அம்மாவோட ஊசியாச்சே" என்றாள்.

பழைய காலத்து இரும்புக் கொண்டை ஊசி. அம்மா பெட்டியிலிருந்து ஜெசிந்தா எடுத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வைப்பாள். ஐந்து வருஷமாக வைத்து வைத்து, அது கொண்டைக்குள் இருப்பதே அவளுக்குத் தெரிவதில்லை. ஜெசிந்தா அந்த ஊசியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஊர் உலகத்தின் ஊக்கையெல்லாம் பிடுங்கியவள், ஒரு முழு ஊசியைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கிட்டயே கேக்குறியா என்று வேறு கேட்டுவிட்டுப் போய்ப் படுத்திருக்கிறாள். தலைமுடியைப் பிடித்து இழுத்தது யார் என்று இப்போது தெரிந்தது.

குமரேசனுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்து முடிக்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. அக்கா தலையில் ஊசியா என்று சிரிப்பு வந்துவிட்டதாம். அடிபட்டவர் வீட்டு ஜனம் எதிரே அழுதுகொண்டு நிற்கும்போது சிரிக்கக் கூடாது என்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டானாம். ஊசி பக்கத்தில் இருந்ததால் படத்தில் அந்த இடம் முழுக்கக் கறுத்துப் போய்விட்டது, இன்னொரு நாள் வந்து படுங்கள் என்றான். மூளை இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் இருக்கும் என்றான். மற்றதை டாக்டரும் சொல்லப் போவதில்லை, அவனாலும் சொல்ல முடியாது. காலையில் தெரியாதது இப்போதும் தெரியாமலேயே இருந்தது.

ரோஜா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தலை வாரத் தொடங்கினாள்.

"ஊசிதான்னு தெரிஞ்சிருந்தா நீ வந்து சொல்லியிருக்க மாட்ட, இல்ல?"

பொய் சொல்ல ஜெசிந்தாவுக்கு ஒரு நொடி கிடைத்தது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"மாட்டேன்" என்றாள்.

ரோஜா முடியை இழுத்துப் பின்னினாள். அம்மா மாதிரியே இழுத்தாள். கண் இரண்டும் நெற்றிக்கு ஏறின. ஜெசிந்தாவுக்கு வலித்தது, வலிக்கட்டும் என்று இருந்தது. பின்னலில் கனகாம்பரத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, ஊசியைத் தன் ஜெபமாலை தொங்கும் ஆணியில் மாட்டினாள் ரோஜா. இது இங்கேயே இருக்கட்டும், உன் மெஷினுக்கு ஆகாது என்றாள். வாசல்வரை வந்தாள். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, அக்கா முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கல்லறைத் திருநாளு. மெழுவத்தி, பூவெல்லாம் நான் வாங்கிக்கிறேன். நீ அம்மாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கினு வா. நீல வாரு வச்சதா."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது தூறல் ஆரம்பித்திருந்தது. விழுப்புரம் பஸ் கண்ணெதிரே நின்றது. ஜெசிந்தா அதில் ஏறாமல் எதிர் வரிசைக்கு நடந்தாள். செருப்புக் கடையில் மாலை வெளிச்சத்தில் ஜோடி ஜோடியாகத் தொங்கின. நீலம் இருந்தது. பின்னால் வார் வைத்தது, அதே மாதிரி. கடைக்காரர் கோலால் அதை இறக்கிக்கொண்டே யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றாள். என்ன நம்பர் என்றார்.

அவள் யோசிக்கவே இல்லை.

"ஆறு" என்றாள். "வலது காலுக்கு மட்டும் வாரு கொஞ்சம் லூசா இருக்கணும்ங்க. புண்ணு இருக்குது."